நுகம் ஒன்று, கழுத்து இரண்டு

(விருதுநகரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆப்பிரிக்க மக்களின் வரலாற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கரிசல் காட்டில் கூலிக்கு அல்லாடுகிறவனுக்கு ஆப்பிரிக்கா எதற்கு, காலை ஷிப்டுக்கு ஓடுகிறவனுக்கு அந்தக் கதையால் என்ன லாபம் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

சில வருஷங்களாக ஆலை வாயிலில் கூட்டம் போட்டாலும் சரி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி, ஒரு பேச்சு நம் காதில் விழாமல் இருப்பதில்லை. "வடக்கத்தியான் வந்து இறங்கிவிட்டான். குறைந்த கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். நம் பிழைப்பில் மண் விழுந்தது. முதலில் அவனை விரட்டுங்கள், பிறகு சங்கம் பேசுங்கள்" என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர் கெட்டவர் அல்ல. வயிறு எரிகிறது, சொல்கிறார்.

இதே மனக்குறை வேறொரு நாட்டில் மூண்டது. பல வருஷம் புகைந்தது. ஒரு நாள் தீயாகவே எரிந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே மனம் புழுங்கிய உள்ளூர்த் தொழிலாளி கறுப்பு மனிதன். அவன் எதிரே வந்து இறங்கிய அயலூர்க்காரன் யார் தெரியுமா? சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிப் போன தமிழன். அந்தக் கதையில் வடக்கத்தியான் நாம்தான், தோழர்களே! ஆகவே அந்த மக்களின் சரித்திரத்தை ஊரார் வீட்டுக் கதையாக எண்ண வேண்டாம். அதில் நம் பங்கு உண்டு.

அடிமைகள் அறுத்த விலங்கு

முதலில் ஆதியிலிருந்து வருவோம். ஐரோப்பிய வியாபாரிகள் ஏறக்குறைய 400 வருஷ காலம் ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கி, கப்பலின் அடித்தட்டில் மூட்டை போல் அடுக்கி, அமெரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கொண்டுபோய் விற்றார்கள். அப்படிக் கப்பலேற்றப்பட்டவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேருக்கும் மேல். நடுவழியில் செத்துக் கடலில் எறியப்பட்டவர்களே 10 லட்சத்துக்கும் மேல். எதற்காக? கரும்புக்காக, பஞ்சுக்காக, புகையிலைக்காக. நம் கைக்குப் பழக்கமான பயிர்கள்தான் அவை.

அந்த மக்கள் வாய்மூடிக் கிடந்தார்களா? இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் மிகப் பெரிய சர்க்கரைத் தீவாக இருந்த ஹைத்தியில் சுமார் 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். 1791 ஆகஸ்டில் அவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்து எழுந்தார்கள். அடிமையாகப் பிறந்து குதிரை வண்டி ஓட்டிய தூசேன் லூவெர்த்தூர் அவர்களுக்குப் படைத் தலைவரானார். ஐரோப்பாவையே நடுங்க வைத்த நெப்போலியன் 1802ல் பெரும் சேனையை அனுப்பினான். பேச்சு வார்த்தை என்று கூப்பிட்டுத் தூசேனைக் கைது செய்து பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். 1803ல் குளிர் நிறைந்த மலைச் சிறையில் அவர் உயிர் பிரிந்தது. ஆனால் தலைவனைப் பிடித்தார்களே தவிர ஜனங்களைப் பிடிக்க முடியவில்லை. தெசலீன் தலைமையில் கறுப்பர் படை நெப்போலியனின் சேனையைத் தோற்கடித்தது. 1804 ஜனவரி 1ம் தேதி ஹைத்தி சுதந்திர நாடாயிற்று. அடிமைகள் தாமே போராடி உண்டாக்கிய ராஜ்யம் உலக சரித்திரத்தில் அது ஒன்றுதான்.

முதலாளி சும்மா விடுவானா? 1825ல் பிரெஞ்சு சர்க்கார் போர்க்கப்பல்களைக் கரையில் நிறுத்தி, "எங்கள் சொத்து போயிற்று, 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கொடு" என்று கேட்டது. அந்தச் சொத்து என்பது நிலம் மட்டும் அல்ல, அந்த மனிதர்களே! பிற்பாடு தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடனை ஹைத்தி மக்கள் 1947 வரை கட்டினார்கள். அடிமை தன் உடம்புக்குத் தானே வட்டியும் முதலும் கட்டிய கதை இது. பட்டாசு ஆலையில் வாங்கிய முன்பணத்துக்கு வருஷக் கணக்கில் கழித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

நஷ்டஈடு யாருக்கு?

ஆங்கிலேயர் 1833ல் சட்டம் போட்டு, 1834 ஆகஸ்ட் 1ம் தேதி தங்கள் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தார்கள். கருணையால் மட்டும் வந்த சட்டம் அல்ல. 1831 கடைசியில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற அடிமையின் தலைமையில் பல்லாயிரம் பேர் "கூலி கொடுத்தால்தான் கரும்பு வெட்டுவோம்" என்று உட்கார்ந்தார்கள். அது கலகமாக மூண்டது. ஷார்ப்பை 1832 மே மாதம் தூக்கில் போட்டார்கள். அவரைத் தூக்கிய மறுவருஷம் சட்டம் வந்தது.

சட்டத்தின் உள்விஷயத்தைப் பாருங்கள். விடுதலையான அடிமைகள் சுமார் 8 லட்சம் பேர். சர்க்கார் கொடுத்த நஷ்டஈடு 2 கோடி பவுன். அது முழுவதும் எஜமானர்களுக்கு! முதுகில் சவுக்குத் தழும்போடு நின்றவனுக்குத் தம்பிடி கிடையாது. அதுவும் போதாதென்று, "வேலை பழக வேண்டும்" என்ற சாக்கில் 1838 வரை பழைய எஜமானனுக்கே வாரத்தில் பெரும்பகுதி இலவசமாக உழைக்க வைத்தார்கள். அந்த நஷ்டஈட்டுக்காகப் பிரிட்டிஷ் சர்க்கார் வாங்கிய கடன் 2015ல்தான் அடைபட்டது. எஜமானன் வாங்கிய பணத்துக்கு ஆறு தலைமுறை ஜனங்கள் வரி கட்டினார்கள்.

விடுதலையானவர்கள் கிடைத்த இடத்தில் துண்டு நிலத்தைக் கொத்திக்கொண்டு, "இனி உன் தோட்டத்துக்கு வரமாட்டோம், வந்தால் நியாயமான கூலி கொடு" என்றார்கள். தோட்ட முதலாளி என்ன செய்தான்? கூலியை உயர்த்தினானா? ஆளை மாற்றினான். அவன் கண் இந்தியாவின் மேல் விழுந்தது. 1834ல் மொரீஷியசுக்கும் 1838ல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் இந்தியக் கூலிகளை ஏற்றிக் கப்பல்கள் போயின. கறுப்பு மனிதன் தோளிலிருந்து இறக்கிய நுகத்தை அப்படியே எடுத்து நம் தோளில் வைத்தான். நுகம் மாறவில்லை தோழர்களே, கழுத்துதான் மாறிற்று.

பஞ்சாலைத் தொழிலாளி செய்த காரியம்

சர்க்கரைத் தோட்டங்களில் இப்படி நடந்தது. பஞ்சுக் காட்டில் என்ன நடந்தது? அமெரிக்காவின் தென் மாகாணங்களில் 1860லும் சுமார் 40 லட்சம் கறுப்பர்கள் அடிமைகளாக இருந்தார்கள். அவர்கள் பறித்த பஞ்சில்தான் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் ஓடின. 1861ல் அடிமை முறையைக் காக்கத் தென் மாகாணங்கள் பிரிந்து யுத்தம் தொடங்கின. வட மாகாணங்களின் கப்பற்படை தெற்குத் துறைமுகங்களை அடைத்தது. பஞ்சு நின்றது. லங்காஷயரில் லட்சக்கணக்கான தொழிலாளர்களுக்கு வேலை போயிற்று. வீட்டுச் சாமான்களை விற்றுத் தின்றார்கள், கஞ்சித் தொட்டிக்கு வரிசையில் நின்றார்கள்.

அப்போது முதலாளிகளில் பலர் சொன்னதென்ன? "தெற்கை ஆதரியுங்கள். முற்றுகையை உடைக்கக் கப்பல் அனுப்பச் சொல்லுங்கள். பஞ்சு வரும், வேலை வரும்." பசித்த வயிற்றுக்கு இது இனிக்கும் பேச்சு. ஆனால் 1862 டிசம்பர் 31ம் தேதி மான்செஸ்டர் நகரில் கூடிய தொழிலாளர் கூட்டம் அடிமை ஒழிப்பின் பக்கம் நின்று அமெரிக்க ஜனாதிபதி லிங்கனுக்குச் செய்தி அனுப்பியது. 1863 ஜனவரியில் லிங்கன் அதற்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினார். லங்காஷயர் முழுவதும் ஒரே குரலாக நின்றது என்று நாம் சொல்லவில்லை. தெற்கின் பக்கம் பேசிய ஊர்களும் இருந்தன. ஆனாலும் பட்டினி கிடந்த ஆலைத் தொழிலாளிகளில் ஒரு பெரும் பகுதி, முகமறியாத கறுப்பு மனிதனின் விலங்கில் தன் சோற்றைத் தேட மறுத்தது. அமெரிக்கக் கறுப்பர்களும் கைகட்டி நிற்கவில்லை. சுமார் 1,80,000 பேர் வடக்கின் ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். 1865ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

இந்த யுத்தம் நம் கரிசல் காட்டையும் தொட்டது. அமெரிக்கப் பஞ்சு நின்றதும் இங்கிலாந்து வியாபாரி இந்தியப் பஞ்சைத் தேடினான். திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்கும் கிராக்கி வந்தது, விலை தாவி ஏறியது. யுத்தம் முடிந்ததும் விலை விழுந்தது. மிசிசிப்பிக் கரையில் ஒரு கறுப்பு மனிதன் நிமிர்ந்ததும் குனிந்ததும் நம் ஊர்ச் சம்சாரியின் வீட்டு அடுப்பைத் தொட்டிருக்கிறது. உலகத் தொழிலாளி ஒரு குடும்பம் என்று நாம் சொல்வது மேடைக்காகச் சொல்வது அல்ல. பஞ்சு மூட்டையே அதற்குச் சாட்சி.

ட்ரூரோ கப்பல்

இனி தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். அங்கே நேட்டால் என்ற குடியேற்றத்தில் வெள்ளையர் கரும்பு போட்டார்கள். பக்கத்திலேயே ஜூலு மக்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் காடும் இருந்தது, மாடும் இருந்தது. அரை வயிற்றுக் கூலிக்கு வருஷம் பூராவும் தோட்டத்தில் அடைபட்டுக் கிடக்க அவர்கள் மறுத்தார்கள். வெள்ளைக்காரன் அவர்களுக்கு வைத்த பெயர் "சோம்பேறி". இந்தச் சொல்லை எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதா? "உள்ளூர் ஆள் வேலைக்கு வணங்குவதில்லை" என்று இன்றைக்கு நம் காதில் விழுகிறதே, அது அன்றே தைத்த சட்டை.

1860 அக்டோபர் 12ம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16ம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் இருந்த கூலிகள் 342 பேர். அதுதான் தொடக்கம். 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். 1876 முதல் 1878 வரை இந்த மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். எரிகிற வீட்டிலிருந்து ஓடுகிறவன் எந்த வாசல் என்று பார்த்தா ஓடுவான்?

ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி, பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, அரிசி பருப்பு படி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு. சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தால் சிறை. நம் மாநிலத்து நூற்பு ஆலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில், மூன்று வருஷம் விடுதிக்குள் இருந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி நம் பெண் பிள்ளைகளை வைத்தார்களே, அதன் கொள்ளுப்பாட்டி அந்த ஐந்து வருஷ ஒப்பந்தம்தான்.

ஒரே கஜானா, இரண்டு வரி

ஒப்பந்தம் முடிந்த தமிழன் சொந்தமாகத் தோட்டம் போட்டான், மீன் பிடித்தான், காய்கறி விற்றான். வெள்ளையனுக்குப் பொறுக்கவில்லை. 1895ல் சட்டம் செய்தான்: ஒப்பந்தம் முடிந்தவன் மறுபடியும் கூலியாகப் பதிய வேண்டும், அல்லது இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும், அல்லது வருஷத்துக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். ஆறு மாதக் கூலி அப்படியே வரிக்குப் போகும்!

கறுப்பு மக்களை விட்டானா? காட்டை விட்டு அவர்களைக் கூலிக்கு இழுக்க, குடிசைக்கு வரி ஏற்கெனவே இருந்தது. 1905ல் அந்தக் குடிசை வரி கட்டாத ஆண்களுக்குத் தலைக்கு ஒரு பவுன் வரி போட்டான். 1906ல் பம்பாத்தா என்ற ஜூலு தலைவர் வரி கொடுக்க மறுத்து ஆயுதம் எடுத்தார். பீரங்கிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் முன்னால் ஈட்டியோடு நின்ற ஜூலு மக்களில் 3,000 பேருக்கும் மேல் கொல்லப்பட்டார்கள்.

அப்போது நம்மவர்கள் எங்கே நின்றார்கள்? உண்மையை மறைக்க வேண்டாம். காந்தியார் தலைமையில் இந்தியர்கள் சர்க்கார் பக்கம் காயம்பட்டவர்களைத் தூக்கும் தொண்டர் படையாகப் போனார்கள். வெள்ளையர் தொட மறுத்த ஜூலு காயக்காரர்களுக்கு அவர்கள் மருந்து கட்டினார்கள் என்பதும் உண்மை. ஆனால் "அவன் வரியும் என் வரியும் ஒரே கஜானாவுக்குத்தான் போகிறது" என்ற எண்ணம் அப்போது உண்டாகவில்லை. கறுப்பனைத் தன்னினும் தாழ்ந்தவனாகப் பார்க்கும் புத்தியும் நம்மவர் பலரிடம் இருந்தது. ஊரில் சாதியின் பெயரால் தள்ளி வைக்கப்பட்டவன்கூட, கடல் தாண்டியதும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்று ஆறுதல் தேடினான். முதலாளிக்கு இதைவிடப் பெரிய காவல்காரன் வேறு யார் வேண்டும்?

1913 அக்டோபரில் நம் மக்கள் எழுந்தார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்க வாசலில் நின்று, "3 பவுன் வரி ஒழியும் வரை குழிக்குள் இறங்காதீர்கள்" என்று கேட்டார்கள். சுரங்கம் நின்றது. பின்னால் கரும்புக் காடும் நின்றது. நவம்பர் 6ம் தேதி 2,000 பேருக்கும் மேல், கைக்குழந்தைகளோடு, எல்லையைத் தாண்டி நடந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. சிறைக்குப் போய் நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ம் தேதி, 16 வயதில் உயிர் நீத்தார். அந்த வருஷமே 3 பவுன் வரி ஒழிந்தது. படிக்காத கூலிகளும் பெண்களும் பெற்ற வெற்றி அது.

ஆனால் அதே 1913ல், ஜூன் மாதம், தென்னாப்பிரிக்க சர்க்கார் நிலச் சட்டம் ஒன்று போட்டது. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பு மக்களுக்கு மொத்த நிலத்தில் சுமார் 7 சதவீதம்தான் என்றது. காடும் மாடும் இருந்ததால் கூலிக்கு வர மறுத்தவனின் காடு போயிற்று. முந்தின வருஷம்தான் பிறந்திருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மனுப் போட்டது, தூது அனுப்பியது, பலிக்கவில்லை. ஒரே வருஷம், ஒரே சர்க்கார். நாம் தனியே போராடி ஒரு வரியை ஒழித்தோம். அவர்கள் தனியே நின்று நிலத்தை இழந்தார்கள்.

ஆலை வாசலில் ஆள் மாற்றம்

பிறகு டர்பன் தொழில் நகரமாயிற்று. தமிழன் பேரனும் ஜூலு மகனும் ஒரே ஆலைக்குள் வந்தார்கள். அங்கே நடந்த இரண்டு வேலைநிறுத்தங்களைக் கவனமாகக் கேளுங்கள்.

1937ல் ஃபால்கர்க் என்ற இரும்பு வார்ப்பாலையில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். எச்.ஏ. நாயுடு போன்ற கம்யூனிஸ்டுகள் அந்தச் சங்கத்தைக் கட்டியவர்கள். வாரக் கணக்கில் இரு நிறத்தாரும் கலையாமல் நின்றார்கள்.

1942 கடைசியில் டன்லப் ரப்பர் ஆலையில் வேலைநிறுத்தம் வந்தது. கம்பெனி என்ன செய்தது? வெளியே நின்ற இந்தியர்களின் இடத்தில், நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்த ஆப்பிரிக்கர்களை எடுத்துக்கொண்டது. நிலத்தைப் பிடுங்கிப் பட்டினி போட்டவனே, அந்தப் பட்டினியை ஆலை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வேலைநிறுத்தம் உடைந்தது. 1860ல் கறுப்பனுக்குப் பதில் தமிழன்; 1942ல் தமிழனுக்குப் பதில் கறுப்பன்! இரண்டு முறையும் லாபம் ஒரே மடியில் விழுந்தது.

இந்தப் புகைச்சல்தான் 1949ல் தீயாயிற்று. நிறவெறிக் கட்சி ஆட்சியைப் பிடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஜனவரி 13ம் தேதி டர்பன் இந்தியர் கடைவீதியில் ஒரு கடைக்காரர் ஒரு ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்தார். ரத்தம் ஒழுக நின்ற பையனைப் பார்த்துக் கூட்டம் கொதித்தது. நகரமும் சேரிகளும் பற்றி எரிந்தன. 142 பேர் மாண்டார்கள். அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். ஆப்பிரிக்கர்களில் பலர் போலீஸ், ராணுவத் துப்பாக்கிக்கு இரையானவர்கள். கடைக்காரர்கள் மேல் இருந்த கோபத்துக்குத் தகரக் குடிசையில் இருந்த ஏழை இந்தியன் பலியானான். தெருவோரம் நின்று தூண்டிவிட்ட வெள்ளையர்களைக் கண்ணால் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எந்த வெள்ளை முதலாளியின் வீடும் எரியவில்லை.

மேலே கையெழுத்து, கீழே கைகோப்பு

இதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1947 மார்ச் 9ம் தேதி, ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் டாக்டர் ஸூமாவும், நேட்டால் இந்தியர் காங்கிரசின் டாக்டர் நாயக்கரும், டிரான்ஸ்வால் இந்தியர் காங்கிரசின் டாக்டர் தாதுவும் சேர்ந்து போராடுவதென்று ஒப்பந்தம் செய்திருந்தார்கள். நல்ல ஒப்பந்தம். ஆனால் காகிதத்தில் இருந்தது, சேரிக்குள் இறங்கவில்லை. தலைவர்கள் மேலே கையெழுத்துப் போட்டால் போதாது, ஜனங்கள் கீழே கைகோக்க வேண்டும் என்பதை 142 பிணங்கள் கற்பித்தன.

அந்தப் பாடத்தை அவர்கள் கற்றார்கள். நெருப்பு அணைந்ததும் "அவனோடு இனி ஒட்டுறவு இல்லை" என்று யாரும் கதவைச் சாத்தவில்லை. அடுத்த மாதமே இரு பக்கத் தலைவர்களும் கூடிக் கூட்டறிக்கை கொடுத்தார்கள். 1952ல் அநியாயச் சட்டங்களை மீறும் இயக்கத்தில் 8,000 பேருக்கும் மேல் சிறை சென்றார்கள். கறுப்பரும் இந்தியரும் ஒரே முழக்கத்தோடு போனார்கள். 1955ல் கிளிப்டவுனில் எல்லா இனத்தாரும் கூடி விடுதலை சாசனத்தை ஏற்றார்கள். மண்டேலா அடைபட்ட ராபன் தீவில், கேரளத்து வம்சாவளியில் டர்பனில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் பில்லி நாயர் 20 வருஷம் அடைபட்டுக் கிடந்தார்.

ஆலைத் தோழர்கள் தனியாக நினைவில் வைக்க வேண்டிய வருஷம் 1973. ஆப்பிரிக்கர் வேலைநிறுத்தம் செய்வது ஏறக்குறைய முழுக்கவே சட்ட விரோதம் என்று இருந்த காலம். ஜனவரி 9ம் தேதி டர்பனில் ஒரு செங்கல் சூளையில் சுமார் 2,000 தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். சில நாட்களில் அந்தத் தீ ஃபிரேம் கம்பெனியின் பஞ்சாலைகளுக்குப் பரவியது. அங்கே ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்து தறியை நிறுத்தினார்கள். மூன்று மாதத்துக்குள் 60,000 பேருக்கும் மேல் போராட்டத்தில் இறங்கினார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் கூலி கொஞ்சம் ஏறியது, பயம் நிறையக் குறைந்தது. அதிலிருந்து புதிய சங்கங்கள் முளைத்தன. 1979ல் கறுப்பர் சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. 1985 டிசம்பரில் அதே டர்பனில் கோசாட்டு என்ற மாபெரும் சம்மேளனம் உதயமாயிற்று. அதன் முதல் பொதுச் செயலாளர் யார்? டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளியினர், ஜே நாயுடு. லட்சக்கணக்கான கறுப்புத் தொழிலாளர்கள் ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் பேரனைத் தங்கள் செயலாளராக ஏற்றார்கள். 1994 ஏப்ரல் 27ம் தேதி எல்லா நிறத்தாரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

அத்தோடு எல்லாம் தீர்ந்ததா? இல்லை. 2012 ஆகஸ்டில் மரிக்கானா சுரங்கத்தில் கூலி உயர்வு கேட்ட 34 தொழிலாளர்களை, ஜனங்கள் தேர்ந்தெடுத்த சர்க்காரின் போலீசே சுட்டுக் கொன்றது. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனை அடுத்த ஃபீனிக்சில், இந்தியர்கள் மிகுதியாக வாழும் இடத்தில், 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். ஒற்றுமை ஒரு முறை கட்டிவிட்டால் நிற்கும் மதில் அல்ல, தோழர்களே. மழைக்கு மழை மண் எடுத்துப் போட வேண்டிய கண்மாய்க் கரை அது. கவனிக்காமல் விட்டால் உடையும்.

நம் முன்னால் உள்ள வேலை

இப்போது நம் ஆலைக்கு வருவோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற அந்தத் தம்பி நம் கூலியைக் குறைக்கவில்லை. அவன் பசியைக் காட்டி நம் கூலியைக் குறைப்பவன் வேறு. அவனை விரட்டினால் அந்த இடத்தில் இன்னொரு மாநிலத்துப் பிள்ளை நிற்பான்; அதுவும் இல்லாவிட்டால் நம் வீட்டுப் பெண் பிள்ளையைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வடக்கத்தியானுக்கும் நமக்கும் ஒரே கூலி என்று ஆகிவிட்டால், குறைந்த கூலிக்கு ஆள் தேடும் வியாபாரமே படுத்துவிடும். ஆகவே அவனுக்காக நாம் கேட்கும் கூலி, நமக்கு நாமே கட்டிக்கொள்ளும் வேலி.

செய்ய வேண்டியது என்ன? அவர்கள் தங்கும் விடுதி வாசலுக்கு நாம் போக வேண்டும். சங்க நோட்டீசை அவர்கள் படிக்கும் எழுத்தில் அச்சடிக்க வேண்டும். அச்சுக்குப் பேர் போன சிவகாசியை வைத்துக்கொண்டு இது நமக்குக் கஷ்டமா? காண்ட்ராக்டர் பிடிக்கும் கமிஷனைக் கேள்வி கேட்க வேண்டும். அவர்கள் பெயரும் ஈ.எஸ்.ஐ., பி.எப். பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது அவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே கையெழுத்துப் போட்டு மாலை வாங்கிக்கொள்ளும் ஒற்றுமை போதாது என்பதை டர்பன் சொல்லிவிட்டது.

இது நமக்கு வராத குணம் அல்ல. 2012 செப்டம்பர் 5ம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மாண்டவர்களில் எத்தனையோ பேர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. உள்ளே கிடப்பவன் எந்த ஊர், எந்த சாதி என்று கேட்காமல் காப்பாற்ற ஓடிய அக்கம்பக்கத்து ஜனங்கள். நெருப்புக்குள் ஓடத் தெரிந்த நம் மக்களுக்கு, பக்கத்து மெஷினில் நிற்கிறவனிடம் நாலடி நடந்து போகத் தெரியாதா?

ஹைத்தியின் அடிமைகள் விலங்கை அறுத்தார்கள். மான்செஸ்டர் தொழிலாளி பட்டினியிலும் அடிமையின் பக்கம் நின்றான். டர்பன் தொழிலாளி தன் கையால் எரித்ததைத் தன் கையாலேயே கட்டினான். கறுப்பு மக்களின் சரித்திரம் நமக்குத் தரும் கணக்கு இது. நுகம் ஒன்று, கழுத்து இரண்டு. இரண்டு மாடும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டால் தார்க்குச்சி பிடித்தவனுக்குக் கொண்டாட்டம். இரண்டும் சேர்ந்து நின்றுவிட்டால் ஏர் நகராது.

சேர்ந்து நிற்போம், தோழர்களே!